அறுபது முடிஞ்சது, எல்லாரும் வேண்டிக்கோங்க

இது நடந்து ரெண்டு வருஷம் இருக்கும். மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாராவியில் எங்கள் வீட்டில் நடந்தது. அஞ்சாவது மாடியில் ஒரே ஹால், ஒரு சமையலறை. ஹாலை நடுவில் திரைச்சீலை போட்டு ரெண்டாகப் பிரித்திருக்கிறோம். அந்தப் பக்கம் கட்டில், இந்தப் பக்கம் ஜன்னலோரமாக என் தையல் மெஷின். நான் சேலைகளுக்கு ஃபால் அடித்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் பேக் தைக்கிற கார்கானாவில் மேஸ்திரி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிக்கொண்டாலும் முப்பத்தைந்து வருஷமாக எங்களுக்கு எல்லாம் இங்கேதான்.

அதற்கு நாலு மாசம் முன்புவரை என்னிடம் இருந்தது பட்டன் போன். வந்தால் எடுப்பேன், வேண்டுமென்றால் அடிப்பேன், அவ்வளவுதான். நவி மும்பை நெருளில் கட்டிக்கொடுத்திருக்கும் என் மகள், கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். அதற்கு முன்னால் ரெண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா, படுக்கையை விட்டு இறங்கவே கூடாது, மனசு அதிர்கிற மாதிரி எதுவும் நடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "தினம் அம்மா முகத்தைப் பார்த்தா அவளுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும் அத்தை" என்று சொல்லி மாப்பிள்ளைதான் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பக் குரூப்பிலும் என்னைச் சேர்த்துவிட்டுப் போனார்.

முதல் ஒரு வாரம் அதைத் தொடவே பயம். எங்கேயாவது தொட்டால் எங்கேயோ போய் நிற்கும். அப்புறம் எதிர் வீட்டில் இருக்கும் காலேஜ் பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தாள். பயம் விட்டது. விட்டது என்றால், ஒரேயடியாக விட்டது. இலவசம் என்று எதைப் பார்த்தாலும் இறக்கிவிடுவேன். திசை காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கி, இருபது வருஷமாகத் தப்பான திசையைப் பார்த்து நின்று சமைத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்தேன். நடக்கிற அடியை எண்ணுகிற ஆப் ஒன்று. போனை மெஷின் மேல் வைத்துவிட்டுத் தைத்தால், அந்த அதிர்வை எல்லாம் நான் நடந்ததாகக் கணக்கு வைத்து, சாயங்காலம் பட்டாசு வெடித்துப் பாராட்டும். மழை பெய்யுமா என்று சொல்கிற ஆப் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போது 'மழைக்கு வாய்ப்பு உண்டு' என்று சொல்லும்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு விளையாட்டுதான். வண்ண வண்ண உருண்டைகள் மேலே தொங்கும். கீழேயிருந்து ஒரு உருண்டையை எறிய வேண்டும். ஒரே நிறம் மூன்று சேர்ந்தால் 'டப்'பென்று உடையும். அந்தச் சத்தத்தில் என்னதான் இருக்கிறதோ தெரியாது, ஒரு ஆட்டம் என்று உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போயிருக்கும். ஃபால் அடிக்க வந்த சேலைகள் நாற்காலியில் மடித்தபடியே கிடக்கும். "கண்ணு அவிஞ்சுரும்ட்டி" என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே.

ஒரே தொந்தரவு விளம்பரம். நல்ல கட்டத்தில் நிற்கும்போது யாராவது சோப்பு விற்க வந்துவிடுவார்கள். இதை எதிர் வீட்டுப் பொண்ணிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "அரே ஆன்ட்டி, இந்த ஏரோப்ளேன் படத்தை அமுக்கிட்டு ஆடுங்க. ஒரு விளம்பரம் வராது" என்றாள். அப்படியே வரவில்லை. அதை அமுக்கினால் வேறு எதுவும்கூட வராது என்பதை அவள் சொன்னாளோ, நான்தான் காதில் வாங்கவில்லையோ, இன்றைக்கும் நினைவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்கு அறுபது வயது முடிந்த நாள். அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசைதான். மகள் படுக்கையில் இருக்கும்போது வேண்டாம் என்று வெளியில் சொன்னார். எனக்குத் தெரியும், உண்மையான காரணம் வேறு. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தம்பி வந்து நிக்காம எனக்கு என்னட்டி அறுபதாங் கல்யாணம்" என்று அவரே சொன்னார்.

தம்பி என்றால் இவருடைய ஒரே தம்பி, என் கொழுந்தனார். ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, கல்யாண் என்கிற ஊரில் இருக்கிறார். ஒருகாலத்தில் ரெண்டு பேரும் இதே தாராவியில் ஒரே அறையில் படுத்து, ஒரே கார்கானாவில் வேலை பார்த்தவர்கள். என் மகளுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது, பள்ளிக்கூடத்துக்கு முதுகில் சுமந்து போனது எல்லாம் அந்தச் சித்தப்பாதான். அந்த மகளின் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போடுகிற இடத்தில் அவர் பெயரும் அவர் மனைவி பெயரும் இல்லை. தூரத்துச் சொந்தம் பெயரெல்லாம் இருந்தது. பெற்ற மகள் மாதிரி தூக்கி வளர்த்தவர் பெயர் விட்டுப்போயிருந்தது. பாதிப் பத்திரிகை கொடுத்து முடித்த பிறகுதான் கவனித்தோம். அதற்குள் கல்யாணுக்கும் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. இவர் ஓடிப்போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அச்சாபீஸ்காரன் தப்புன்னா எம்பேருதானா அவனுக்குக் கெடைச்சுது?" என்று கேட்டுவிட்டு, கொழுந்தனார் கல்யாணத்துக்கு வரவில்லை. அதோடு எட்டு வருஷம் பேச்சு இல்லை. குடும்பக் குரூப்பில் அவரும் இருந்தார். ஆனால் ஒரு வார்த்தை எழுதமாட்டார்.

சரி, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். கோழிக்குழம்பும் கேசரியும் வைத்திருந்தேன். சாப்பிடுவதற்கு முன்னால் அவரைப் புதுச் சட்டை போடச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகூட கார்கானாவிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தன் பட்டன் போனை அணைத்து வைத்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துவிட்டார்.

எனக்குப் படத்தை அழகு பண்ண ஆசை. அதற்கென்று ஒரு ஆப் இறக்கி வைத்திருந்தேன். இதய வடிவம், புலி, கோபுரம், பூச்செண்டு என்று விதவிதமான சட்டங்கள் அதில் உண்டு. ரோஜா மாலை சுற்றி வந்து, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிற சட்டம் ஒன்று இருந்தது. மங்களகரமாக இருக்கிறதே என்று அதில் அவரை வைத்தேன். பின்னால் சுவரில் மழை ஈரம் பிடித்த கறை தெரிந்தது. கறுப்பு வெள்ளையாக மாற்றினால் கறை மறைந்தது. கீழே இந்தி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. இந்தியில் நான் கடைக்காரனோடு சண்டை போடுவேன், ரயிலில் சீட்டு வாங்குவேன். படிக்க மட்டும் ஒரு எழுத்து தெரியாது. தெருமுனையில் கட்டுகிற பேனர்களில் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன். பிறந்தநாளுக்கும் பேனர், பண்டிகைக்கும் பேனர் என்று எதற்கெடுத்தாலும் பேனர் கட்டுகிற ஊர் இது. வாழ்த்து என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டு, கீழே வாயால் சொல்லி எழுத வைத்தேன். "இன்னைக்கு அறுபது முடிஞ்சது. எல்லாரும் வேண்டிக்கோங்க." பக்கத்தில் கும்பிடுகிற கை மூன்று. அனுப்பிய திருப்தியோடு ஏரோப்ளேனை அமுக்கிவிட்டு உருண்டை உடைக்க உட்கார்ந்தேன்.

எத்தனை நேரம் ஆடினேன் என்று தெரியாது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கதவு இடிபடுகிற சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தம் இல்லை, இடிக்கிற சத்தம். திறந்தால் கோவண்டியில் இருக்கும் என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா. தலையெல்லாம் நனைந்து, முடி அவிழ்ந்து கிடந்தது. கையில் ஒரு பாலிதீன் பையில் ரோஜா மாலை.

"ஏட்டீ, என் தம்பிய இப்படி வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்கியேட்டீ!" என்று என்னைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கண் திரைக்குப் போனது. திரைக்குக் கீழே கட்டில் முனையில் ரெண்டு பாதம் மட்டும் அசையாமல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் விழுந்து நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

பாதம் ரெண்டும் இழுத்துக்கொண்டன. திரை விலகியது. லுங்கியை இறுக்கிக்கொண்டே வீட்டுக்காரர், "என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

நாத்தனார் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அப்புறம் எழுந்து போய் அவர் கன்னத்தைத் தொட்டார், தோளைத் தொட்டார், கையைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மாலைப் பையாலேயே அவர் முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். "உசுரோட இருக்கியேல, உசுரோட இருக்கியேல" என்று அதையே சொன்னார்.

சத்தம் கேட்டு எதிர் வீட்டுப் பொண்ணு ஓடி வந்தாள். நாத்தனார் தன் போனை அவளிடம் நீட்டினார். பார்த்ததும் அவள் முகம் மாறியது. "ஆன்ட்டி, இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா?" என்றாள். தெரியாது என்று தலையாட்டினேன். "ஸ்ரத்தாஞ்சலின்னு எழுதியிருக்கு. செத்துப் போனவங்களுக்குப் போடறது ஆன்ட்டி."

கறுப்பு வெள்ளைப் படம். சுற்றி மாலை, ரெண்டு பக்கமும் விளக்கு. 'அறுபது முடிஞ்சது, எல்லாரும் வேண்டிக்கோங்க.' நானே இன்னொருத்தர் அனுப்பியதாக நினைத்து அதைப் படித்துப் பார்த்தேன்.

"உனக்குப் பத்து தடவ அடிச்சேன், போகல. அவனுக்கு அடிச்சேன், அணைஞ்சு கெடக்கு. நெசந்தான் போலன்னு ஆட்டோ பிடிச்சு ஓடி வாரேன்" என்றார் நாத்தனார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. என் மகள். அவளும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள். ஏழு மாசம். அதிர்ச்சியே கூடாது என்று சொன்ன பிள்ளை. அவள் படுக்கையில் படுத்தபடி போனைத் திறக்கிறாள், அப்பா படத்துக்கு மாலை போட்டிருக்கிறது, அம்மாவைக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை, அப்பாவைக் கூப்பிட்டாலும் கிடைக்கவில்லை. எட்டு வருஷம் நான் ஏறாத கோயில் இல்லை. எல்லாவற்றையும் என் கையாலேயே, ஒரு உருண்டை விளையாட்டுக்காக...

ஏரோப்ளேனை எடுத்துவிடச் சொல்லிப் பொண்ணிடம் போனைக் கொடுத்தேன். எடுத்ததும் போன் துள்ள ஆரம்பித்தது. எண்பது, தொண்ணூறு என்று செய்தி வந்து விழுகிறது. அழுகிற முகம், கும்பிடுகிற கை. ஊரிலிருந்து ஒருத்தர் எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். நான் எதையும் பார்க்கவில்லை. மகளுக்கு அடித்தேன். 'ஸ்விட்ச் ஆஃப்' என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே. போன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வீட்டுக்காரர்தான் அதை எடுத்து, "மாப்பிள்ளைக்கு அடி தாயி" என்று அந்தப் பொண்ணிடம் கொடுத்தார்.

மாப்பிள்ளை எடுத்தார். பேச்சு வரவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. வீட்டுக்காரர் போனை வாங்கி, "மாப்ள, நான்தான் பேசுதேன்" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

"மாமா? நீங்களா மாமா?"

"நான்தான். எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க அத்தை படத்துக்கு மாத்தி மாலை போட்டுட்டா. பிள்ள எப்படி இருக்கா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

படத்தை முதலில் பார்த்தது மாப்பிள்ளைதானாம். மகள் அப்போது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் சத்தமில்லாமல் அவள் தலைமாட்டிலிருந்து போனை எடுத்து, அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டிருக்கிறார். அவள் எழுந்ததும், போன் ரிப்பேர், கடையில் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவளுக்கு எலுமிச்சை ஜூஸ் பிழிந்து கொடுத்திருக்கிறார். அப்புறம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இதை எப்படிச் சொல்வது, யாரைத் துணைக்குக் கூப்பிடுவது என்று தெரியாமல் தனியாக அழுதுகொண்டு நின்றிருக்கிறார். ஒன்றரை மணி நேரம். மகளுக்கு எதுவுமே தெரியாது. "இப்ப டிவி பார்த்துச் சிரிச்சிட்டிருக்கா மாமா" என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு வந்த அழுகை வேறு மாதிரி. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். என்னைத் திட்டுவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. திட்டவில்லை.

அப்புறம் மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எழுதினால் யார் நம்புவார்கள் என்று பொண்ணு வீட்டுக்காரரையே பேச வைத்துக் குரலாக அனுப்பினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "நான்தான் பேசுதேன். நல்லாத்தான் இருக்கேன். இப்பத்தான் காப்பி குடிக்கப் போறேன். யாரும் பதறாதீங்க. கெளம்பிட்டவங்க இருந்தா மாலைய மட்டும் விட்டுட்டு வாங்க." நாத்தனார் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி, "ஏய்யா, சின்னவன் கெளம்பிட்டான்" என்றார்.

கல்யாணிலிருந்து கொழுந்தனார் நாத்தனாரைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். பேச்சே வரவில்லையாம். 'அக்கா, கெளம்பிட்டேன்க்கா' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

வீட்டுக்காரர் தன் பட்டன் போனை எடுத்து ஆன் பண்ணி, தம்பியின் நம்பரை அடித்தார். அதில் பெயர் போட்டு வைத்திருக்கவில்லை. எட்டு வருஷமாக ஒரு தடவைகூட அடிக்காத நம்பர். பத்து எண்ணையும் யோசிக்காமல் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்று தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். காப்பி ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலை என்று வேக வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று வருகிற வண்டிதான் கிடைத்திருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயானில் இறங்கி, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் மழையில் நடந்தே வந்திருக்கிறார்கள். போன் கொழுந்தனார் மனைவியின் கைப்பைக்குள் அடியில் கிடந்திருக்கிறது. யார் அதைப் பார்ப்பார்கள்.

அவர்கள் வரும்போது அஞ்சரை மணி இருக்கும். கதவு திறந்தே கிடந்தது. கொழுந்தனார் வாசலில் வந்து நின்றார். எட்டு வருஷத்தில் முடி நன்றாக நரைத்திருந்தது. காலில் ஒன்று கறுப்புச் செருப்பு, இன்னொன்று மகனுடையதோ என்னவோ நீலச் செருப்பு. உள்ளே எட்டிப் பார்த்தார். எதிரே ஜன்னலுக்கு முன்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"ஏல, உள்ள வா" என்றார் வீட்டுக்காரர்.

கொழுந்தனார் வரவில்லை. வாசற்படியிலேயே மடங்கி உட்கார்ந்து, முகத்தை ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். இவர் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தார். அவர் எழுந்திருக்காமல் அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"வண்டி பூரா அதேதான்ணே நெனச்சேன். ஒரு பேருக்காவ எட்டு வருசம்... எங்கண்ணன் மூஞ்சியப் பாக்காம விட்டுட்டனேன்னு..."

"விடுல, விடுல. நான்தான் இருக்கம்லா."

கூட வந்த அவர் மனைவி சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரயிலில் கொழுந்தனார் அழுததைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு மராட்டிக்காரர் எழுந்து இடம் கொடுத்து, சயான் வரைக்கும் அவர் தோளில் கை வைத்தபடியே நின்று வந்தாராம். ஒரு கேள்வி கேட்கவில்லையாம். அதை அவள் சொன்னாள்.

ரெண்டு பேரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். துண்டு கொடுத்தேன். வீட்டுக்காரர் தம்பி தலையைத் தானே துவட்டிவிட்டார். துவட்டிக்கொண்டே, "அந்த அச்சாபீஸ்காரன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நமக்குள்ள இம்புட்டும் வந்திருக்குமாடா" என்றார்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு காப்பி போடப் போயிருக்கலாம். எட்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அன்றைக்கு என்னால் முடியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் என் மகள் உயிரோடு விளையாடிவிட்டேனே என்ற நடுக்கம் இன்னும் உடம்பில் இருந்தது. அந்த நடுக்கத்தில்தான் வாய் திறந்திருக்க வேண்டும்.

"அச்சாபீஸ்காரர் மேல தப்பில்ல" என்றேன். "அடிக்கிறதுக்கு முன்னால மாதிரிப் பத்திரிகை வீட்டுக்கு வந்துது. நான்தான் பாத்தேன். அடுப்புல பலகாரம் வெந்துட்டிருந்துது. பொண்ணு மாப்பிள்ளை பேரையும் முகூர்த்த நேரத்தையும் பாத்துட்டு, சரியா இருக்கு, அடிங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். கீழ படிக்கல."

வீட்டுக்காரர் கை நின்றுவிட்டது. "நான் உங்கிட்ட கேட்டேனேட்டி. எல்லாப் பேரும் இருந்துதுன்னு சொன்னியே. உன் வார்த்தையை நம்பி அந்த அச்சாபீஸ்காரன நடுத்தெருவுல வச்சு ஏசினேனே..."

"பயந்துட்டேன்" என்றேன்.

நாத்தனார்கூட என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேசியது கொழுந்தனார் மனைவி.

"அக்கா, அன்னைக்கே ஒரு போனைப் போட்டு, தங்கச்சி நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, ஒரு நாள் சண்டை போட்டிருப்பேன். மறுநாள் வந்து பந்தியில பரிமாறியிருப்பேன். வேணும்னே விட்டுட்டாங்கன்னு நெனச்சுத்தானக்கா இத்தனை நாள் வெந்தோம்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். யாராவது என்னை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள் என்று தமிழில் சொல்ல நாக்கு வரவில்லை. நம் வீடுகளில் அந்த வார்த்தை புழங்குவதில்லையே. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "காலையில சாப்பிட்டது" என்றாள். அவ்வளவுதான். எழுந்து வந்து என்னோடு சமையலறையில் நின்றாள். குழம்பைச் சூடு பண்ணினாள். உப்புக் கம்மியாக இருக்கிறது என்று அவளே எடுத்துப் போட்டாள்.

அஞ்சு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மாப்பிள்ளை போன் போட்டார். மகளிடம் அவர் பக்குவமாக எல்லாவற்றையும் சிரிப்புக் கதை மாதிரி சொல்லிவிட்டிருந்தார். திரையில் அவள் முகம் வந்தது. "அப்பாவுக்கு மாலை போட்டியாமே, எங்க, புது மாப்பிள்ளையைக் காட்டு" என்று கேலி பேச வந்தவள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள்.

"சித்தப்பா" என்றாள்.

அவர் எச்சில் கையைப் போனுக்கு முன்னால் நீட்டி, அவள் கன்னம் இருந்த இடத்தைக் காற்றில் தொட்டார்.

மறுநாளே வீட்டுக்காரர் அச்சாபீஸுக்குப் போனார். அந்த ஆள் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். நம்பர் வாங்கிப் பேசி, தப்பு எங்கள் மேல்தான் என்று சொல்லியிருக்கிறார். என்னோடு நாலு நாள் சரியாகப் பேசவில்லை. அஞ்சாம் நாள் தானாகவே, "அந்த ஏரோப்ளேன் படம் எங்கன இருக்கு, எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரெண்டு மாசத்தில் மகளுக்கு சுகப்பிரசவம், பெண் குழந்தை. சித்தப்பாவும் சித்தியும் கல்யாணிலிருந்து முதல் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார்கள்.

நான் இப்போதும் உருண்டை உடைக்கிறேன். எதை அனுப்புவதாக இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை ரெண்டு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். படிக்கத் தெரியாத எழுத்தாக இருந்தால் வெட்கப்படாமல் எதிர் வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். மாப்பிள்ளைக்கு மட்டும் அன்றைக்கு அந்தப் புத்தி தோன்றியிருக்காவிட்டால் என்று நினைத்தால் இப்போதும் எழுந்து மகளுக்கு ஒரு போன் அடிக்கிறேன். ஆனாலும் வாசற்படியில் மடங்கி உட்கார்ந்த கொழுந்தனாரை அவர் அண்ணன் குனிந்து தூக்கியது நினைவுக்கு வரும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமை என் வாழ்க்கையில் வராமலே போயிருக்கக் கூடாதா என்று கேட்க எனக்கு மனசு வருவதில்லை.